நிலவொளியை அளந்த பியேர் பூகேர்

மின்சாரம் நின்றுபோன ஓர் இரவில் வீட்டில் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றுகிறோம். போதவில்லை என்று இன்னொன்றையும் ஏற்றுகிறோம். வெளிச்சம் கூடிவிட்டது என்று கண் உடனே சொல்லிவிடுகிறது. எத்தனை மடங்கு கூடிற்று என்று அதே கண்ணைக் கேட்டால் விழிக்கிறது. வர்த்திகள் இரண்டு என்று நமக்கு எண்ணத் தெரிந்ததால் இருமடங்கு என்கிறோம். எண்ணத் தெரியாத ஒருவர் அந்த அறைக்குள் வந்தால், சற்றுக் கூடுதலான வெளிச்சம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நெல்லை அளக்க மரக்கால் இருந்தது. பொன்னை நிறுக்கத் தராசு இருந்தது. பொழுதை அளக்க ஊசல் கடிகாரம் வந்துவிட்டது. ஒளியை அளக்க மட்டும் ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் கண்தான். அளக்கத் தெரியாத அந்தக் கண்ணையே அளவுகோலாக்கிக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி பியேர் பூகேர்.

மேல்வகுப்பு வேதியியலில் பீர் – லாம்பெர்ட் விதி என்று ஒன்று வருவதை நாம் அறிவோம். (முதல் பெயரைக் கேட்டதும் வகுப்பில் ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கிய பிறகே பாடம் தொடங்கும். அவர் ஒரு மரியாதைக்குரிய ஜெர்மானியப் பேராசிரியர்.) ஒரு பொருள் ஒளியை எவ்வளவு உட்கவர்கிறது என்பதைக் கணக்கிட உதவும் விதி அது. அதன் முதற் பாதியை, அவ்விருவருக்கும் முன்பே, 1729-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டவர் பூகேர். ஆயினும் அந்தத் தலைப்பில் அவர் பெயர் இல்லை. அவர் வாழ்க்கையை இங்கே எழுத நாம் எண்ணியதற்கு அதுவே முதற் காரணம்.

பிரான்சின் மேற்குக் கடற்கரையில் பிரிட்டனிப் பகுதியில் லெ குருவாசிக் என்னும் சிறு துறைமுகம் இருக்கிறது. சுற்றிலும் உப்பளங்கள், எதிரே அட்லாண்டிக் மாகடல். அங்கே 1698-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பூகேர் பிறந்தார். தந்தை ஜான் பூகேர், மாலுமிகளுக்குக் கப்பல் செலுத்தும் கணிதம் கற்பிக்க அரசரால் நியமிக்கப்பட்ட ஆசிரியர். கப்பலோட்டும் கலையைப் பற்றி நூலும் எழுதியவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பிறகு வான் நகரில் இயேசு சபைக் குருக்கள் நடத்திய கல்லூரியில் பையன் படித்தான்.

1714-இல் தந்தை காலமானார். அப்போது பியேருக்குப் பதினாறு வயது. தந்தை வகித்த பதவிக்கு மகன் விண்ணப்பித்தார். பையனைக் கண்டு அதிகாரிகள் தயங்கியதில் வியப்பில்லை. கடுமையாகப் பரீட்சித்தார்கள், அவரும் தேறினார். நம்மில் பலர் பள்ளி இறுதித் தேர்வுக்கு அஞ்சி நிற்கும் வயதில், தாடி நரைத்த மாலுமிகளுக்கு அவர் பாடம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

பாரிஸ் அறிவியற் கழகம் அக்காலத்தில் ஆண்டுதோறும் பரிசுப் போட்டி வைப்பது வழக்கம். கப்பலுக்குப் பாய்மரம் அமைக்கும் சிறந்த முறை எது என்பது 1727-ஆம் ஆண்டுப் போட்டி. பரிசு பூகேருக்குக் கிடைத்தது. அதில் தோற்றவர்களில் இருபது வயது இளைஞர் ஒருவர் இருந்தார்; அவர்தான் பின்னாளில் கணித உலகையே ஆண்ட ஆய்லர். கடலிலிருந்து விண்மீன்களின் உயரத்தை அளப்பது பற்றிய 1729-ஆம் ஆண்டுப் பரிசும், காந்த ஊசியின் விலக்கத்தைக் கடலில் அறிவது பற்றிய 1731-ஆம் ஆண்டுப் பரிசும் பூகேருக்கே வந்தன. மூன்று போட்டிகளும் கப்பலைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒளி அவருடைய தொழில் அன்று.

ஒளியின் பக்கம் அவரைத் திருப்பியது வேறொருவர் எழுதிய கட்டுரை. மேரான் என்ற அறிஞர் 1721-இல் வெயிலைப் பற்றி ஆராய்ந்திருந்தார். கோடையில் சூரியன் உச்சிக்கு அருகே ஏறுகிறது. குளிர்காலத்தில் நண்பகலிலும் தாழ்ந்தே நிற்கிறது. தாழ்ந்து நிற்கும்போது அதன் கதிர்கள் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து நெடுந்தூரம் வருவதால் வழியில் ஒளி மிகுதியாகக் குறைகிறது. இவ்விரு நிலைகளிலும் ஒளி எந்த விகிதத்தில் இருக்கும்? அது தெரிந்தால் மேற்கொண்டு கணக்கிடலாம். அதை அளந்து சொல்லத்தான் ஒருவருமில்லை.

பூகேர் முதலில் கண்ணின் குணத்தை ஆராய்ந்தார். இரண்டு வெளிச்சங்களில் ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கா நான்கு மடங்கா என்று கண்ணால் சொல்ல இயலாது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு வெளிச்சங்கள் சமமா இல்லையா என்பதைக் கண் நுட்பமாகக் கண்டுகொள்ளும். துணிக் கடையில் நாம் செய்வது இதைத்தானே! இரவிக்கைத் துணியைப் புடவைக் கரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் சிறு வேற்றுமையும் தெரிந்துவிடும். வீட்டிலிருக்கும் புடவையை மனத்தில் நினைத்துக்கொண்டு துணி எடுத்தால் ஏமாந்துதான் போவோம்.

ஆகவே கண்ணிடம் எத்தனை மடங்கு என்ற கேள்வியைக் கேட்பதே தவறு என்று அவர் முடிவு செய்தார். சமமா என்று மட்டும் கேட்க வேண்டும். எத்தனை மடங்கு என்பதைக் கணிதம் பார்த்துக்கொள்ளும். அடுத்தடுத்து இரண்டு வெண்மையான பரப்புகள். ஒன்றின்மேல் ஒரு விளக்கின் ஒளி மட்டும் விழும், மற்றதன்மேல் இன்னொன்றின் ஒளி மட்டும் விழும், நடுவே தடுப்பு. ஒரு விளக்கை முன்னும் பின்னும் நகர்த்தி இரு பரப்புகளும் ஒரே பொலிவாகத் தோன்றும் இடத்தைக் காண வேண்டும். பிறகு தூரத்தை அளந்தால் போதும். விளக்கை இருமடங்கு தூரம் கொண்டுபோனால் ஒளி நான்கில் ஒரு பங்காகும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும் என்பதைக் கெப்ளர் 1604-லேயே சொல்லியிருந்தார்.

இனி மேரானின் கேள்வி. சூரியனை மெழுகுவர்த்தியோடு ஒப்பிடுவது மலையையும் கடுகையும் ஒரே தராசில் வைப்பது போலாகும். அதற்குப் பூகேர் ஓர் அழகான வழி கண்டார். காற்று மண்டலம் சூரிய ஒளியில் எத்தனை பங்கை விழுங்குகிறதோ, அதே பங்கைத்தான் நிலவொளியிலும் விழுங்கும். எனவே சூரியனுக்குப் பதில் நிலவை எடுத்துக்கொண்டார். லெ குருவாசிக்கில் கோடையின் நெடும்பகல் நாளில் நண்பகல் சூரியனின் உயரம் 66 பாகை 11 கலை. குளிர்காலத்தின் குறும்பகல் நாளில் 19 பாகை 16 கலை. நிலவு ஒரே இரவில் இவ்விரு உயரங்களிலும் நிற்கும் நாள் ஒன்று வேண்டும். 1725-ஆம் ஆண்டு நவம்பர் 23 அப்படி ஒரு நாளாக அமைந்தது.

நான்கு மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்துக் கொண்டு அந்த இளைஞர் நிலவுக்காகக் காத்திருந்தார். நிலவு தாழ்ந்த உயரத்தில் நின்றபோது, அதன் ஒளி 50 அடி தூரத்தில் வைத்த வர்த்திகளின் ஒளிக்குச் சமமாயிருந்தது. உயர்ந்த நிலையில் 41 அடி தூரத்து ஒளிக்குச் சமம். ஐம்பதின் வர்க்கம் 2500, நாற்பத்தொன்றின் வர்க்கம் 1681. ஆக, உயரே நின்ற நிலவின் ஒளி, தாழ நின்ற நிலவின் ஒளியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உலகில் காற்றுமண்டலம் ஒளியை உட்கவர்வதை ஒருவர் எண்ணால் அளந்து சொன்னது இந்த நாலு வர்த்திகளின் துணையால்தான். அவருக்கு வயது அப்போது 27.

அதே ஆண்டில் இன்னொரு துணிச்சலான காரியமும் செய்தார். இருட்டறையில் சிறு துளை வழியே வரும் சூரிய ஒளியைக் குழிவில்லையால் விரித்து மெலியவைத்து, அதை மெழுகுவர்த்தியோடு ஒப்பிட்டார். நிலவொளியையும் அவ்வாறே வர்த்தியோடு ஒப்பிட்டார். வர்த்தியை இடைத்தரகராகக் கொண்டு சூரியனும் நிலவும் இப்படி ஒரே கணக்கில் வந்தன. சூரிய ஒளி முழுநிலவின் ஒளியைப் போலச் சுமார் 3,00,000 மடங்கு என்று கண்டார். இன்றைய நுட்பக் கருவிகள் தரும் விடை சுமார் 4,00,000. மெழுகுவர்த்திக்கு இது கெட்டிக்காரத்தனந்தான்.

இனிமேல்தான் முக்கியமான பகுதி வருகிறது. கண்ணாடித் தகடு ஒன்று தன்மீது விழும் ஒளியில் பாதியை உட்கவர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் அதே போன்ற இரண்டாவது தகட்டை வைத்தால் என்ன ஆகும்? முதல் தகடு பாதியை எடுத்தது, இரண்டாவது மறு பாதியை எடுக்கும், பிறகு ஒரே இருட்டு என்று அவசரப்பட்டுச் சொல்லத் தோன்றும். பூகேருக்கு முன்னிருந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மிட்டாய் சுற்றிவரும் வண்ணக் கண்ணாடித் தாளை இரண்டாக மடித்துக் கண்ணில் வைத்துப் பார்த்த சிறுமிக்கும் தெரியும், இருட்டிவிடவில்லை என்று.

மோர்ப்பந்தலில் ஒரு குடம் மோர் இருக்கிறது. வருகிறவர் ஒவ்வொருவரும் குடத்தில் அப்போது இருப்பதில் பாதியைக் குடித்துவிட்டுப் போகிறார். முதலாமவர் போனபின் அரைக்குடம், இரண்டாமவருக்குப் பின் கால்குடம், மூன்றாமவருக்குப் பின் அரைக்கால். எத்தனை பேர் வந்தாலும் குடம் அடியோடு வற்றுவதில்லை. ஒளியும் அப்படியே. ஒவ்வொரு தகடும் முதலில் வந்த ஒளியில் பாதியை எடுப்பதில்லை. தன்னிடம் வந்து சேர்ந்த ஒளியில் பாதியையே எடுக்கிறது. பத்துத் தகடுகளைக் கடந்து வரும் ஒளி 1024-இல் ஒரு பங்கு. சமமான தடிமன்கள் சமமான அளவுகளை அல்ல, சமமான விகிதங்களையே உட்கவர்கின்றன. தடிமன் கூட்டுத்தொடராக ஏற ஏற, ஒளி பெருக்குத்தொடராக இறங்குகிறது. மடக்கைக் கணக்கு படிக்கும் மாணவியருக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூகேரும் இதை மடக்கை வளைகோடாகவே வரைந்து காட்டினார்.

இவ்விதியைக் காற்று மண்டலத்திற்குப் பொருத்திப் பார்த்தார். உச்சியில் நிற்கும் விண்மீனின் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேலாகத் தரைக்கு வந்து சேர்கிறது என்று கணக்கு காட்டிற்று. தெளிந்த இரவுகளுக்கு இன்றும் ஏறத்தாழ இதுவே விடை. கடல்நீரில் எந்த ஆழம்வரை ஒளி எட்டும் என்பதையும் கணக்கிட முயன்றார். கடற்கரையில் பிறந்தவர் அதை எப்படி விட்டுவிடுவார்! இவற்றையெல்லாம் தொகுத்து, ஒளி படிப்படியாகக் குறைவதைப் பற்றிய சிறு நூலாக 1729-இல் வெளியிட்டார்.

அந்நூலைப் பெரிதாக்க வேண்டும், குறைகளைத் திருத்த வேண்டும் என்று அவருக்கு விருப்பம் இருந்தது. ஆனால் 1735-இல் அறிவியற் கழகம் அவரை வேறு வேலைக்கு அழைத்துவிட்டது. பூமி துருவங்களில் தட்டையானதா, நடுவில் ஒடுங்கி நீண்டதா என்ற பெரும் வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. நியூட்டனின் கணக்குப்படி தட்டை. பாரிஸின் மூத்த வானியலார் சிலர் மறுத்தனர். நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தூரத்தையும் துருவத்தின் அருகே ஒரு பாகைத் தூரத்தையும் அளந்து ஒப்பிட்டால் தீர்ந்தது. கொதேன், லா கொந்தமீன், பூகேர் ஆகிய மூவரும் அன்று ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த பெருவுக்கு, அதாவது இன்றைய எக்குவடோருக்கு, அனுப்பப்பட்டனர். பூகேர் மனமுவந்து புறப்பட்டவர் அல்லர் என்பர். நீண்ட பயணமும் கடலும் அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலைப் பற்றி மூன்று பரிசு வாங்கியவருக்கு இந்த நிலை!

இரண்டொரு ஆண்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஒன்பது ஆண்டுகள் நீண்டது. கீத்தோவுக்கு அருகே யாருகீ சமவெளியில் மரக்கோல்களை ஒன்றன் முனையில் ஒன்று வைத்து அடித்தள நேர்கோடு ஒன்றை அளந்தார்கள். பிறகு ஆண்டிஸ் மலைச் சிகரங்களின்மேல் குறிகள் நட்டு, முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே போனார்கள். பனியும் காற்றும் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தன. மேகம் விலகும் ஒரு நாழிகைக்காக வாரக்கணக்கில் சிகரத்தில் காத்திருந்தார்கள். குழுவின் மருத்துவர் குவென்கா நகரில் ஒரு கலவரத்தில் கொல்லப்பட்டார். தலைவர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. இத்தனைக்கும் நடுவில், துருவத்தை நோக்கி லாப்லாந்துக்குச் சென்ற மற்றொரு குழு 1737-லேயே திரும்பி வந்து, பூமி தட்டையானது என்று அறிவித்துவிட்ட செய்தி அவர்களை எட்டியது. விடை முன்பே வந்துவிட்டது. இருந்தும் அளவையை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். முடிவில் அவர்கள் தந்த அளவே லாப்லாந்து அளவைவிட நம்பத்தக்கதாக நின்றது.

மலையிலும் பூகேரின் ஆராய்ச்சி மனம் ஓய்ந்திருக்கவில்லை. 1738-இல் சிம்பொராசோ மலையின் பனிச்சரிவில் நின்று, அம்மலை தன் ஈர்ப்பால் தூக்குக்குண்டைச் சிறிது தன் பக்கம் இழுக்கிறதா என்று பார்த்தார். இழுத்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பூமியின் ஈர்ப்பை ஆராய்வோர் இன்றும் பூகேர் முரண்பாடு என்று ஓர் அளவைக் குறிப்பிடுகிறார்கள். ஒளி தொடர்பாகவும் ஒரு வியப்பு அங்கே கிடைத்தது. பம்பமார்க்கா சிகரத்தில் ஒரு காலை, எதிரேயிருந்த மேகத்தில் தங்கள் நிழல்களைக் குழுவினர் கண்டனர். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறங்களில் வளையங்கள். ஒவ்வொருவருக்கும் தம் தலையைச் சுற்றி மட்டுமே அந்த ஒளிவட்டம் தெரிந்தது. அருகில் நின்றவருடைய நிழலுக்கு அது இல்லை! சண்டையிட்டுக் கொண்டிருந்த அறிஞர்களுக்கு இது சற்றே குறும்பான காட்சிதான்.

1744-இல் பூகேர் பிரான்சு திரும்பினார். மலைக் கூடாரங்களில் எழுதிய கப்பலைப் பற்றிய பெருநூல் 1746-இல் வெளிவந்தது. சாய்ந்த கப்பல் எப்போது தானே நிமிரும், எப்போது கவிழும் என்பதைக் கணக்கிடும் வழியை அதில் தந்தார். கப்பல் கட்டுவோர் இன்றுவரை அதைக் கைக்கொள்கின்றனர். சூரியனின் விட்டத்தை அளக்கும் கருவி 1748-இல் வந்தது. பூமியின் வடிவம் பற்றிய நூல் 1749-இல். அடுத்து வந்த ஆண்டுகளில் லா கொந்தமீனோடு நெடிய எழுத்துச் சண்டை மூண்டது. லா கொந்தமீன் அமேசான் நதி வழியே திரும்பியவர், சுவையாக எழுதவும் வல்லவர். ஊர் அவர் பக்கம் நின்றது. பூகேரின் கணக்குகள் திருத்தமானவை. ஆனால் சபையைக் கவரும் நடை அவருக்கு வாய்க்கவில்லை. அளவைகளில் அவ்வளவு பொறுமை காட்டியவர் மனிதரிடம் அதைக் காட்டியதாகத் தெரியவில்லை. நல்ல காலத்தின் பல ஆண்டுகளை இந்த வழக்கு விழுங்கிவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

கடைசி ஆண்டுகளில்தான் பழைய மெழுகுவர்த்திகளிடம் அவர் திரும்பி வந்தார். முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய சிறு நூலை விரித்து, புதிய சோதனைகள் சேர்த்து எழுதினார். உடல் நலிந்துகொண்டே வந்தது. 1758-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15, தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, பாரிஸில் அவர் உயிர் நீத்தார். வயது 60. நூல் அச்சேறவில்லை. நண்பரும் வானியலாருமான குரு லகாய் கையெழுத்துப் படியைச் சீர்செய்து 1760-இல் வெளியிட்டார்.

அதே 1760-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒளியை அளப்பது பற்றி இன்னொரு நூல் வெளிவந்தது. எழுதியவர் லாம்பெர்ட். முல்ஹவுஸ் நகரத்து ஏழைத் தையற்காரரின் மகன். தாமே கற்று உயர்ந்தவர். பூகேரின் முதல் நூல் வந்தபோது அவர் ஒரு வயதுக் குழந்தை. லாம்பெர்ட்டின் நூல் கணித அழகில் உயர்ந்தது. பூகேரின் 1729-ஆம் ஆண்டு நூலை அவர் மறைக்கவுமில்லை, பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். ஆகவே அவர்மேல் நாம் குறை சொல்வதற்கில்லை. பின்வந்தவர்கள் லாம்பெர்ட்டைப் படித்தார்கள். அதற்குள் சுட்டப்பட்டிருந்தவரைத் தேடிப் போகவில்லை. 1852-இல் ஆகஸ்ட் பீர் நிறமுள்ள கரைசல்களை ஆராய்ந்து, கரைந்திருக்கும் பொருளின் செறிவைக் கூட்டுவதும் கரைசலின் நீளத்தைக் கூட்டுவதும் ஒளிக்கு ஒன்றே என்று மறு பாதியைச் சேர்த்தார். பிறகு விதிக்கு இவ்விருவர் பெயரும் நிலைத்துவிட்டது. சில நூல்களில் பூகேர் – லாம்பெர்ட் – பீர் விதி என்று மூவரையும் சேர்த்துச் சொல்வதைக் காணலாம். நம் பாடநூலிலும் அப்படி வந்தால் நன்றாயிருக்கும். பெயர் சற்று நீளும், அவ்வளவுதான்.

சமமா இல்லையா என்று பார்க்கும் வேலையைக் கண்ணிடமிருந்து பின்னாளில் ஒளிமின்கலம் வாங்கிக்கொண்டது. ஆனால் கணக்கு மாறவில்லை. மருத்துவமனையில் நம் இரத்தத்தில் ஒரு துளி எடுத்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கிறார்களே, அங்கே நடப்பது நிறமுள்ள கரைசல் வழியே ஒளியைச் செலுத்தி, எத்தனை பங்கு மறுபுறம் வந்தது என்று காண்பதுதான். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது பல வீடுகளில் விரல்நுனியில் மாட்டும் சிறு கருவி ஒன்று வந்து சேர்ந்தது. பிராணவாயு ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உட்கவர்கின்றன. விரலைக் கடந்து வந்த அவ்விரு ஒளிகளையும் ஒப்பிட்டு அக்கருவி ஓர் எண்ணைக் காட்டும். 98 என்று கண்டு நிம்மதியடைந்ததும், 90-க்குக் கீழே கண்டு ஆம்புலன்சுக்கு ஓடியதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

நிலவின் வட பகுதியில் உள்ள ஒரு வட்டப்பள்ளத்திற்கு வானியலார் பூகேர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். வெறும் கண்ணுக்கு அது தெரியாது, தொலைநோக்கி வேண்டும்.